தனுஷ்கோடி மணலும் ஸ்பீக்கரின் வாட்டும்

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில், நம் கல்லூரியிற் பயின்று இப்போது இராமேசுவரத் தீவில் வாழ்ந்துவரும் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய தமையனார் வளைகுடா நாடொன்றிற் பல்லாண்டு உழைத்துத் திரும்புங்கால், இடுப்பளவு உயரமுள்ள ஸ்பீக்கர்ப் பெட்டிகள் இரண்டைக் கொணர்ந்திருந்தார். தமையனார் இன்று உயிரோடு இல்லை. பெட்டிகள் மாத்திரம் தம்பியின் வீட்டுக் கூடத்தில் நிற்கின்றன. அவற்றைத் தமது பழைய சிறு ஆம்ப்ளிபையரோடு இணைத்து அன்பர் பாட்டுக் கேட்டு வந்தனர். உறவினர் திருமணத்தன்று, முற்றத்திற் கூடியிருந்தோர் யாவரும் கேட்கவேண்டுமென்று யாரோ குமிழை முற்றிலும் திருகிவிட, ஒரு பெட்டியின் கீச்சுக்குரற் பகுதி கருகிப்போயிற்று. அன்பர் பட்டணத்துக் கடையொன்றிற் போய் வினவினர். கடைக்காரரோ, "பெட்டியின் பின்புறத்தில் 200 வாட் என்று போட்டிருக்கிறது. ஆகவே 400 வாட் ஆம்ப்ளிபையர் வாங்காவிட்டால் மற்றொன்றும் போய்விடும்" என்றனராம். அதன் விலை, அன்பரின் மகள் ஒரு பருவத்துக்குக் கட்டவேண்டிய கல்லூரிச் சம்பளத்துக்குச் சமம். "ஐயா, கடைக்காரர் சொல்லுவது மெய்தானா?" என்பதே கடிதத்தின் சாரம்.

பௌதிகம் பயிற்றுவோராகிய நாம் இதற்கு ஒரு வரியில் விடையெழுத இயலவில்லை. கடைக்காரர் கூற்றிற் பாதி மெய்யும் பாதி பொய்யும் விரவியிருந்தமையே காரணம். மேலும், விடுமுறையில் தீவுக்குச் செல்லவும் ஒரு முகாந்தரம் வேண்டியிருந்தது. ஆகவே நேரிற் சென்றோம். ஆங்கு நாம் கண்டதும் கணக்கிட்டதும் நம் மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல். பொதுமக்கள் ஒலிக்கும் பெட்டியையும், அதற்கு மின்சக்தியைப் பெருக்கித் தரும் யந்திரத்தையும் ஒருங்கே ஒலிபெருக்கி என்று வழங்குகின்றனர். இக்கட்டுரையிலோ முன்னதை ஸ்பீக்கர் என்றும், பின்னதை ஆம்ப்ளிபையர் என்றும் பிரித்தே வழங்குவோம். குழப்பம் முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலேதான் பிறக்கின்றது.

பெட்டியின் பின்புறத்தில் எழுதியுள்ள 200 வாட் என்பது யாது? அப்பெட்டி தரும் சப்தத்தின் அளவு அன்று; அது வேண்டிநிற்கும் சக்தியின் அளவும் அன்று. எவ்வளவு மின்சக்தி உட்புகுந்தால் அதன் கம்பிச் சுருள் சூட்டினால் வெந்துபோகாமல் தாங்கும் என்பதற்குத் தயாரித்தோர் இட்ட எல்லையே அது. ஒரு மாட்டுவண்டி இருபது மூட்டை தாங்கும் என்றால், அதில் எந்நாளும் இருபது மூட்டை ஏற்றியே ஓட்டவேண்டும் என்பது பொருளாமோ? இனி, உட்புகும் சக்தியில் ஒலியாக வெளிவருவது எவ்வளவு என்று அறிந்தால் மாணவர் வியப்புறுவர். வீட்டில் வைக்கும் நல்ல ஸ்பீக்கரில் நூற்றில் ஒரு பங்கு ஒலியாயின் அது பெரிது. ஏனைய தொண்ணூற்றொன்பது பங்கும் வெப்பமாகவே கழிகின்றது.

அங்ஙனமாயின் சப்தம் எவ்வாறு போதுமானதாகின்றது? நம் செவியின் நுண்மையே அதற்குக் காரணம். இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது ஒருவர் வாயினின்றும் வெளிப்படும் ஒலியின் சக்தி, ஒரு வாட்டில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கேயாகும். இவ்வளவு சிறிய ஒலியையும், அதனினும் பல கோடி மடங்கு பெரிதாகிய இடியோசையையும் ஒரே செவி கேட்கவேண்டியிருத்தலின், அது கூட்டற்கணக்கை விட்டு விகிதக் கணக்கைக் கைக்கொண்டிருக்கின்றது. இதனை அளக்கவே டெசிபெல் என்னும் அளவை ஏற்பட்டது. தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல்லின் பெயரால் 1928-ல் அமெரிக்கத் தொலைபேசி ஆராய்ச்சியாளர் இப்பெயரை இட்டனர். சக்தியை இருமடங்காக்கினால் 3 டெசிபெல் ஏறும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் ஏறும். 3 டெசிபெல் என்பது கவனித்துக் கேட்போர்க்குத் தெளிவாய்த் தெரியும் ஒரு சிறு ஏற்றமே. செவி "இருமடங்காயிற்று" என்று சொல்லுவது 10 டெசிபெல் ஏறும்போதுதான்.

இவ்வுண்மைக்கு நாம் தேடாமலே ஒரு சான்று கிடைத்தது. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால், கடற்கரையிற் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர் மீனவர். முதலில் ஒருவர் தனியே அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக்கொடுப்பார். பின்னர்க் கயிற்றைப் பிடித்த யாவரும் சேர்ந்து வாங்கிப் பாடுவர். பின்பாட்டுப் பாடியோர் ஏறக்குறையப் பத்துப்பேர். ஒருவர் குரலினும் பத்துப்பேர் குரலில் ஒலிச்சக்தி பத்து மடங்கு. ஆனால் நம் காதுக்கு அஃது இருமடங்கு உரப்பாகவே கேட்டது. பத்து மடங்கு உரப்பாகக் கேட்கவேண்டின், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அக்கயிற்றைப் பிடித்திருக்கவேண்டும்! 200 வாட்டுக்குப் பதில் 400 வாட் வாங்குவோர் பெறும் லாபம் 3 டெசிபெல்லே என்பதை இனி விளக்கவேண்டியதில்லை.

அன்று நாம் வெறுங்கையோடு செல்லவில்லை. பழுதுறாத பெட்டியை ஒரு வண்டியில் ஏற்றி, மோட்டார் மின்கலத்தால் இயங்கும் சிறு ஆம்ப்ளிபையரையும், சப்தத்தை அளக்கும் கருவியையும் உடன்கொண்டு சென்றோம். தனுஷ்கோடி மணல் இத்தகைய சோதனைக்கு வாய்ப்பான இடம். சுவரில்லை, கூரையில்லை, மரமும் அரிது. எழுந்த ஒலி எதன்மீதும் மோதித் திரும்புவதில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் ஊர் அழிந்தபின் எஞ்சிய தேவாலயச் சுவர்களும், புகைவண்டி நிலையத்தின் இடிபாடும் சற்றுத் தொலைவில் நின்றன. அவற்றை விட்டு விலகியே பெட்டியை வைத்தோம்.

இத்தகைய பெட்டிக்கு அதன் வாட்டினும் முக்கியமான ஓர் எண் உண்டு. வாங்குவோர் அதனை நோக்குவதேயில்லை. 1 வாட் சக்தியை உட்செலுத்தினால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பதே அவ்வெண். இதனை உணர்திறன் என்போம். அன்பரின் பெட்டிக்கு இது 91 என்று அதன் குறிப்பேட்டில் இருந்தது. நம் கருவியும் ஏறக்குறைய அவ்வளவே காட்டியது. பின்னர் விலகிச் சென்றோம். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகுந்தோறும் 6 டெசிபெல் குறையவேண்டுமென்பது சாஸ்திரம். 2 மீட்டரில் 85. 4 மீட்டரில் 79. 8 மீட்டரில் 73. பதினாறாவது மீட்டரை எட்டியபோது 67 இருக்கவேண்டும். ஆனால் அங்கே பாட்டே காதில் விழவில்லை. சோழகக் காற்றுத் தொடங்கிவிட்ட காலமாதலின், ஆண்கடல் என்று இவ்வூரார் வழங்கும் தென்கடல் இரைந்துகொண்டிருந்தது. பெட்டியை நிறுத்திவிட்டு அளந்தபோது, கடலும் காற்றும் மாத்திரமே 68 டெசிபெல் காட்டின. சாலைக்கு வடபுறத்தில், பெண்கடல் அன்று குளம்போல் அடங்கிக் கிடந்தது. வாடைக் காலத்தில் இவ்விரண்டும் தம் குணத்தை மாற்றிக்கொள்ளும் என்று வலைஞர் கூறினர்.

ஆம்ப்ளிபையரை 1 வாட்டினின்று 10 வாட்டுக்கு உயர்த்தினோம். பாட்டு முன்னினும் மூன்று மடங்கு தூரமே சென்று மறைந்தது. 100 வாட் இருந்திருப்பினும் பத்து மடங்கு தூரந்தான் சென்றிருக்கும். கடலை வெல்ல வாட்டைக் கொட்டுவது இறைத்த நீரை மணலில் விடுவது போலாகும். எடுத்துச் சென்ற நம் மாணவரில் ஒருவர், பெட்டியினருகே சென்று நின்றுகொண்டால் போதுமே என்றனர். விளையாட்டாகச் சொன்னதாயினும் அதுவே சரியான பௌதிகம்: தூரத்தைப் பாதியாக்குதல் வாட்டை நான்கு மடங்காக்குதற்குச் சமம், செலவும் இல்லை.

மாலையில் அன்பர் வீட்டுக்குத் திரும்பினோம். தனுஷ்கோடிச் சாலையினின்று சற்று உள்ளே, தெற்கு நோக்கிய வீடு. வீட்டினுள் ஒலியின் நடத்தை வேறு. சுவரும் தளமும் அதனைத் திருப்பி அனுப்புவதால், தூரத்தால் நேரும் இழப்புக் குறைகின்றது. பெட்டிகளுக்கும் அன்பர் அமரும் நாற்காலிக்கும் இடையே 4 மீட்டர். வெளியிலாயின் 12 டெசிபெல் குறைந்திருக்கும்; அக்கூடத்திலோ குறைந்தது 8 டெசிபெல் அளவே. பெட்டிகள் இரண்டாதலின் 3 டெசிபெல் கூடும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் 1 வாட் கொடுத்தால், நாற்காலியில் 91-லிருந்து 8 கழித்து 3 கூட்ட, 86 டெசிபெல் கிடைக்கும். வீட்டிலுள்ளோர் "நன்றாய்க் கேட்கின்றது" என்று சொல்லி நிறுத்திய இடமோ 80 டெசிபெல். அதற்கு வேண்டுவது ஒரு பெட்டிக்குக் கால் வாட். ஆம், கால் வாட்டே! அன்பர் முதலில் நம்பவில்லை. கருவியை அவர் கையிற் கொடுத்தபின்னரே நம்பினர்.

அங்ஙனமாயின் கால் வாட் ஆம்ப்ளிபையர் போதுமோவெனின், போதாது. இங்கேதான் கடைக்காரர் கூற்றில் உள்ள மெய்யைக் காணவேண்டும். சங்கீதம் சமமாக ஓடும் வாய்க்கால் நீரன்று. பாடகர் மெல்ல ஆலாபனை செய்துகொண்டிருக்கும்போதே மிருதங்கத்தில் ஒரு கொட்டு விழும். நாதசுரம் இழைந்துவரும்போது தவில் இடிபோல் எழும். அக்கணத்தில் ஒலி, சராசரியினின்றும் 15 முதல் 20 டெசிபெல் வரை மேலெழும்பும். 20 டெசிபெல் என்றால் சக்தியில் நூறு மடங்கு. கால் வாட் நூறு மடங்காயின் 25 வாட். கணக்கிற்கடங்காத சந்தர்ப்பங்களுக்கென இன்னும் 3 டெசிபெல் இடம் விட்டால் 50 வாட். அன்பரின் பெட்டிகளுக்கும் அவர் கூடத்துக்கும் வேண்டிய அளவு இதுவே.

அவருடைய பழைய ஆம்ப்ளிபையர் தரவல்லது 15 வாட். நாற்காலியிலிருந்து மெல்லக் கேட்கும்வரை அதனால் தீங்கில்லை. திருமணத்தன்று நேர்ந்தது யாதெனில், முற்றத்துக் கூட்டத்துக்காகக் குமிழைத் திருகவே, தவிலின் ஒவ்வொரு கொட்டுக்கும் அந்த யந்திரம் தன் சக்திக்கு மீறியதைத் தர முயன்றது. தன் மின்னழுத்தத்தின் எல்லையை எட்டியதும் அதனால் மேலே போக இயலாது. அலையின் உச்சி கத்தியால் அரிந்தாற்போல் தட்டையாகிவிடும். கேட்போர் காதில் இது கரகரப்பாய் ஒலிக்கும். தாழ்ந்த சுருதிகள் இவ்வாறு எல்லையில் முட்டி நின்றுவிட, குமிழைத் திருகத் திருக உயர்ந்த சுருதிகள் மாத்திரம் மேன்மேலும் ஏறும். அரியப்பட்ட அலைகளும் தம்பங்குக்குப் புதிய உயர்சுருதிகளைப் பிறப்பிக்கும். அவையனைத்தும் சென்று விழுவது கீச்சுக்குரற் பகுதியின்மேல். அதன் சுருளோ தலைமயிர் போன்ற மெல்லிய கம்பி. 200 வாட் என்னும் எல்லை முழுப்பெட்டிக்கே உரியது. அச்சிறு சுருள் நெடுநேரம் தாங்குவது சில வாட்டுகளே. ஆகவே சிறிய யந்திரம் பெரிய பெட்டியைக் கெடுத்தல் கூடும் என்னும் கடைக்காரர் எச்சரிக்கை பொய்யன்று. அதற்கு மருந்து 400 வாட் என்பதுதான் பொய். கரகரப்புக் கேட்டவுடன் குமிழைத் தாழ்த்தத் தெரிந்த கையே போதிய மருந்தாகும்.

400 வாட்டை அக்கூடத்தில் முழுதும் செலுத்தினால் யாதாகும் என்றும் கணக்கிட்டுப் பார்த்தோம். 200 வாட்டிலேயே நாற்காலியில் 109 டெசிபெல் வரும். அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள முறைப்படி, 85 டெசிபெல்லை ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அவ்வாறாயின் 109 டெசிபெல்லுக்கு உரிய நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு கீர்த்தனையின் பல்லவியே முடியாது. அண்டை வீட்டாரையும் கருதவேண்டுமே! குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது 2000-ஆம் ஆண்டின் இந்திய ஒலிமாசு விதிகள் வகுத்த எல்லை.

பெரிய பெட்டிக்குப் பெரிய ஆம்ப்ளிபையர் வேண்டும் என்னும் எண்ணம் எவ்வாறு வேரூன்றிற்றோ அறியோம். சரித்திரம் அதற்கு மாறாக இருக்கின்றது. இன்று நாம் வழங்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-ல் உலகுக்கு விளக்கினர். அதனோடு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த ஆம்ப்ளிபையர் தந்த சக்தி ஏறக்குறைய 1 வாட். பால் கிளிப்ஷ் என்பார் 1946-ல் விற்கத் தொடங்கிய, அறையின் மூலையில் நிறுத்தும் பெருங்கொம்பு ஸ்பீக்கர், 1 வாட்டுக்கு 100 டெசிபெல்லுக்கும் மேல் தரவல்லது. அலமாரி போன்ற அதன் பருமனே அத்திறனுக்குக் காரணம். பின்னர் 1954-ல் எட்கர் வில்ச்சர் என்பார் சிறிய மூடிய பெட்டியிலிருந்தே ஆழ்ந்த தாழ்சுருதியைப் பெறும் வழியைக் கண்டனர். அதற்குக் கொடுத்த விலை உணர்திறன். பெட்டி சிறிதாயிருத்தல், தாழ்சுருதி ஆழமாயிருத்தல், சிறு சக்தியிலேயே உரத்து ஒலித்தல் என்னும் மூன்றில், எவையேனும் இரண்டைத்தான் ஒருவர் பெறலாம். ஆகவே அதிக வாட் வேண்டுவது பெரும்பாலும் சிறிய பெட்டிக்கே. உணர்திறன் 85 உள்ள சிறு பெட்டியை வைத்து அன்பர் கூடத்தில் அதே ஒலியைப் பெறவேண்டின், 50 வாட்டுக்குப் பதில் 200 வாட் தேவைப்படும்.

பெரிய பெட்டியில் கவனிக்கவேண்டிய வேறொன்று உண்டு. அதனுள் பல கூம்புகள் சேர்ந்திருப்பதால், 8 ஓம் என்று எழுதப்பட்ட மின்தடை சில சுருதிகளில் 4 ஓமுக்கும் கீழே இறங்குதல் உண்டு. அப்போது ஆம்ப்ளிபையர் இருமடங்கு மின்னோட்டம் தரவேண்டும். 8 ஓமில் 50 வாட்டும் 4 ஓமில் 80 அல்லது 90 வாட்டும் தரும் யந்திரம் உரமுடையது. 4 ஓமில் இணைக்காதீர் என்று எழுதியிருப்பதை விலக்குக.

வாட்டைப் பற்றிய விளம்பரங்களைக் குறித்து எழுதத் தொடங்கினால் கோபமே மேலிடுகின்றது. பி.எம்.பி.ஓ. என்று மூன்று நான்கு இலக்கங்களில் வாட் எழுதிய அட்டைப்பெட்டிகளை அங்காடிகளிற் கண்டிருப்பீர்கள். அவ்வெண்ணுக்குச் சாஸ்திரத்தில் இடமில்லை. யந்திரத்தின் பின்புறத்தில், அது சுவரிலிருந்து இழுக்கும் சக்தி எழுதப்பட்டிருக்கும். 40 வாட் இழுக்கும் யந்திரம் 1000 வாட்டை நீடித்துத் தருமென்றால், அதனைக் கொண்டு ஊருக்கே விளக்கேற்றலாமன்றோ?

மின்னழுத்தம் குறைதலைப் பற்றியும் அன்பர் வினவினர். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வோல்ட் வந்தால், சாதாரண யந்திரத்தின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பயங்கரமாகத் தோன்றினும், டெசிபெல்லில் அது இரண்டுக்கும் குறைவே. உப்புக் காற்றே அக்கரையில் உண்மையான பகை. அன்பரின் பெட்டிகளின் பின்னே கம்பி முனைகள் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. ஒருபக்கத்து முனை தொட்டவுடன் உதிர்ந்தது. அவற்றை வெட்டி, செம்பு பளபளக்கச் சுரண்டி, முனைகளில் ஈயம் பூசி இறுக்கியவுடனே இடப்பக்கத்துப் பெட்டியின் ஒலி தெளிந்தது. வாட்டைத் தேடிப் புறப்பட்டவர் முதலிற் பார்க்கவேண்டிய இடம் அது.

இன்னும் ஒன்று செய்தோம். தென்புறத்து ஜன்னல் இரண்டும் திறந்திருந்தபோது, பாட்டில்லாத நேரத்தில் கூடத்திற் கடலிரைச்சல் 52 டெசிபெல் இருந்தது. அவற்றைச் சாத்தியதும் 41 ஆயிற்று. கடலொலிக்கு மேலே பாட்டைக் கேட்பதே நோக்கமாயின், அந்த இரண்டு கதவுகளைச் சாத்துதல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட ஆம்ப்ளிபையர் வாங்குதற்குச் சமம்.

நாம் கூடத்தில் கருவியும் காகிதமுமாய் அமர்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த அன்பரின் தாயார், "எதுக்குத் தம்பி இத்தனை கணக்கு?" என்று கேட்டனர். புயலுக்கு முன் தனுஷ்கோடியில் வாழ்ந்த குடும்பம் அவர்களுடையது. அந்நாளில் தெருவில் ஒரு வீட்டில் மாத்திரமே மின்கலத்தால் இயங்கும் ரேடியோ இருந்ததென்றும், மாலையில் இலங்கை வானொலிப் பாட்டு வைத்தால் திண்ணையிலும் வாசல் மணலிலும் இருந்து யாவரும் கேட்டனரென்றும் கூறினர். அக்காலத்து மின்கல ரேடியோக்களின் குழாய் ஸ்பீக்கருக்குத் தந்த சக்தியும் கால் வாட்டளவே. தாயாரிடம் அதைச் சொன்னோம். "வாட்டெல்லாம் தெரியாது, நாங்க பேசாம இருந்து கேட்போம்" என்றனர்.

அன்பர் 400 வாட் யந்திரத்தை வாங்கவில்லை. ஒருவர் பயன்படுத்தி விற்ற 60 வாட் ஆம்ப்ளிபையர் ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாகப் பெற்று, கருகிய கீச்சுக்குரற் பகுதிக்குப் பதில் அதே வகையில் வேறொன்று வருவித்துப் பொருத்தினர். மகளின் சம்பளம் உரிய நாளிற் கட்டப்பட்டது. ஆடி மாதத்தில் வந்த கடிதத்தில், குமிழ் இதுவரை பாதி வட்டத்தைத் தாண்டவில்லையென்றும், காற்று மிகுந்துவிட்டமையால் தென்புறத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டே தமையனாரின் பெட்டிகளிற் பாட்டுக் கேட்பதாகவும் எழுதியிருந்தனர்.